வேண்டாம் என்றவரின் கைகள்

நாரந்தனை,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

அன்புள்ள தம்பி தயாபரனுக்கு அண்ணி சிவக்கொழுந்து எழுதிக்கொள்வது,

நீரும் தாரிகாவும் பிள்ளை கோபிகாவும் அந்தக் குளிருக்குள் ஒரு வருத்தமும் வராமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அடுத்த வரியில் நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்த முறை அதை எழுதினால் பொய்யாகிவிடும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கனடாவில் இருந்து நீர் சிரிக்கலாம். போனில் கதைக்க ஏலாது, தம்பி. வீடு சின்னது, உம்முடைய அண்ணை எந்த நேரமும் விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். அவருக்கு வாய்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். அதனால் குசினிக்குள் பலகையைப் போட்டு இருந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கஜனி தாள்களைப் படம் பிடித்து உமக்கு வட்சப்பில் அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் அவளிடம் கேளும். எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் உவர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீர் நட்டுவிட்டுப் போன தென்னங்கன்று இரண்டில் ஒன்றை மாடு கடித்துவிட்டது. மற்றது குருத்து விட்டிருக்கிறது.

அண்ணையின் காலைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆவணி மாதம் வளவுக்குள் நடக்கும்போது பனைமட்டைக் கருக்கு அவருடைய வலது கால் பெருவிரலைக் கிழித்துவிட்டது. இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரருக்குக் கால் மரத்துப் போயிருக்கும், நோவு தெரியாது. அவரும் காட்டவில்லை. வேட்டி தோய்க்கும்போது வந்த மணத்தில்தான் நான் கண்டுபிடித்தேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரல் கறுத்துவிட்டது, எடுக்க வேண்டும், வருகிற திங்கட்கிழமைக்கு மேல் பிந்தினால் பாதம், பிறகு முழங்கால், அதற்குப் பிறகு ஆளே தப்புவது கஷ்டம் என்று டொக்டர் பிள்ளை சொன்னா. எடுக்கட்டுமா என்று இவரைக் கேட்டா. இவர் சிலேட்டை எடுத்து, உடம்பு வாடகை வீடு என்று எழுதிக் காட்டினார். அந்தப் பிள்ளையும் விடவில்லை. “வாடகை வீடு எண்டாலும் ஒழுகினா கூரை மேயத்தானே வேணும் ஐயா” என்றா. அதற்கு இவர் கண்ணை மூடிக்கொண்டார். சம்மதம் சொல்லாத ஆளை வெட்ட ஏலாது, வீட்டுக்குக் கூட்டிப்போய் மனத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று மருந்தும் தந்து அனுப்பிவிட்டா.

சிலேட் ஏன் என்று நீர் கேட்கமாட்டீர். அண்ணை மௌன விரதம் என்று உமக்கும் போனில் சொன்னது நான்தான். நீரும் சந்தோசப்பட்டு, அண்ணை பெரிய நிலைக்குப் போய்விட்டார் என்று அங்கே சிநேகிதர்களுக்கெல்லாம் சொன்னீராம். தம்பி, அது விரதம் இல்லை. அது கோபம். உம்மோடு கோபம்.

நீர் ஒரு பிழையும் செய்யவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனியில் நீர் வந்தபோது எங்கள் குடும்பம் செலவு ஏற்றுச் செய்கிற ஏழாம் திருவிழா நடந்தது நினைவிருக்கும். பூசை முடிந்து உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுக்கும் நேரம். பார்க்கப்போனால் அது ஒரு தேங்காய்ப் பாதியும் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு. சந்தையில் வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கோயிலில், பரிவட்டத்தைத் தலையில் கட்டி, மேளம் அடிக்க, ஊர் பார்த்திருக்கக் கையில் வாங்கும்போதுதான் அதன் பாரம் வேறு. வருசா வருசம் குருக்கள் கூப்பிடுவார். அண்ணை இரண்டு அடி பின்னுக்குப் போய், “எனக்கு வேண்டாம் ஐயா, ஆருக்காவது குடுங்கோ” என்பார். குருக்கள், “அப்பிடிச் சொல்லக்கூடாது, நீங்கள்தான் வாங்க வேணும்” என்பார். இவர் திரும்பவும், அடியேனுக்கு என்னத்துக்கு மரியாதை என்பார். மூன்றாம் தரம் சனமெல்லாம் சேர்ந்து வற்புறுத்த, கண் கலங்கி வாங்குவார். பார்த்தீரா, எவ்வளவு பணிவு என்று சனம் சொல்லும். பத்து வருசமாக இது நடக்கிறது. குருக்களுக்கும் தெரியும், மேளகாரருக்கும் தெரியும். மூன்றாம் வேண்டாம் வரும்வரைக்கும் அவர்கள் தடியை எடுப்பதில்லை.

நீர் இருபத்தொரு வயதில் ஊரை விட்டுப் போனவர். உமக்கு இது எங்கே தெரியும்? அண்ணை முதல் தரம் வேண்டாம், ஆருக்காவது குடுங்கோ என்றதும், பக்கத்தில் நின்ற நீர், “அண்ணை சொன்னால் சரி” என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டீர். சனம் சிரித்தது. தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று குருக்களும் நினைத்து, பரிவட்டத்தை உம்முடைய தலையில் கட்டினார். நீர் அழுதீர். அண்ணை உமக்கு எதையோ தந்துவிட்டார் என்று நினைத்துத்தான் அழுதீர். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கோபிகா எடுத்த படத்தைப் பெரிதாக்கி உங்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறீர்களாம். ஒருக்கால் எழும்பிப் போய் அதைப் பாரும். உம்முடைய முகத்தைப் பார்க்காமல் உமக்குப் பின்னால் நிற்கிறவரைப் பாரும். வேண்டாம் என்று சொன்ன மனுசனின் கைகள் இரண்டும் நீண்டிருக்கின்றன.

அடுத்த நாள் விடிய உமக்கு வான் வந்தது. அண்ணை சாமியறைக்குள் இருந்தார். பூசையில் இருக்கிறார், எழுப்பக்கூடாது என்று நான் சொன்னேன். நீர் அந்தக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வானில் ஏறினீர். பிறகு நான் கதவைத் திறந்து பார்த்தேன். விளக்கு ஏற்றவில்லை, பூவும் வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். என்னப்பா என்று கேட்டேன். அன்றைக்கு மூடின வாய்.

ஒரு கிழமை நானும் பேசிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், சமைக்காமல் இருந்தும் பார்த்தேன். பசியோடு இருந்தாரே தவிரப் பேசவில்லை. அதற்குள் புளியங்கூடலில் இருந்து இவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எழுபது வயது தாண்டின மனுசன் ஒரு தேங்காய்ப் பாதிக்குக் கோபித்துக்கொண்டு இருக்கிறார் என்று நான் அவர்களுக்கு எப்படிச் சொல்வது? மௌன விரதம் என்று சொன்னேன். அவர்கள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இவரும் அதைக் கேட்டார். கேட்டு, நிமிர்ந்து இருந்தார். அடுத்த நாள் கஜனியின் தம்பியினுடைய பழைய சிலேட்டைச் சைகையால் கேட்டு வாங்கினார்.

இப்போது ஊர் முழுக்க இவர் மௌனச் சாமி. புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்தெல்லாம் வாகனம் பிடித்து வருகிறார்கள். விபூதி வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் கேட்கிறார்கள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கை ஓய்ந்துவிட்டது. கோயிலில் பெண்கள் எனக்கு முன்வரிசையில் இடம் விடுகிறார்கள். அது எனக்கும் இனிக்காமல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, வீட்டில் நான் ஒரு ஆளும் ஒரு சிலேட்டும்தான்.

தம்பி, இந்தப் பத்து வருசத்தில் இவர் செய்தது எல்லாம் வேசம் என்று நினைக்க வேண்டாம். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். மாத்தறையில் கடை வைத்திருந்த காலம் இவருடைய குரல் எப்படி இருந்தது என்று உமக்குத் தெரியும். மா மூட்டையில் இருந்து படித்த பிள்ளை நீர். கடைத்தெருவின் அந்தத் தொங்கல் முனையில் நிற்கிறவனும் இவர் ஏசினால் திரும்பிப் பார்ப்பான். அந்த மனுசன் விடியற்காலம் எழும்பிக் கோயில் வீதி கூட்டினார். பிச்சைக்கு வந்தவனை இருத்திச் சோறு போட்டார். கோயிலில் புராணம் படிக்கும்போது பாட்டின் கருத்தை விரித்து இவர் பயன் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் அசையாமல் இருந்து கேட்கும். செம்பில் களிம்பு மாதிரி உயிரில் ஆணவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றத்தான் இந்தப் பிறவி என்று இவர் சொல்லும்போது நானே அழுதிருக்கிறேன். அவ்வளவும் உண்மை. கெட்ட மனுசன் என்றால் நான் எப்போதோ பேசி முடித்திருப்பேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு காலம் கடைக்காரர் என்ற பெருமை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கடையை எரித்தார்கள். பிறகு, தகப்பன் இல்லாத தம்பியை ஆளாக்கினேன் என்ற பெருமை. நீர் பிளேன் ஏறிப் போய்விட்டீர். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பிடித்திருந்தது எல்லாம் ஒவ்வொன்றாகப் போக, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பதையே கடைசியாகப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் அன்றைக்கு நீர் உம்மை அறியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்.

அதனால்தான் கேட்கிறேன். உம்மில் பிழையில்லை என்று தெரிந்துகொண்டே கேட்கிறேன். போனில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளும். அண்ணை, நான் அறியாமல் வாங்கிப்போட்டேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லும். உமக்கும் மானம் ரோசம் இருக்கும், செய்யாத பிழைக்குத் தலை குனியச் சொல்கிறேனே என்று எனக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னம் அந்த வாய் திறக்க வேண்டும். கஜனி போனைக் கொண்டுவந்து

படலையில் ஆரோ கூப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை.

நேற்று எழுதினதைக் கஜனியிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. ஆனால் கடைசியில் கேட்டேனே, மன்னிப்பு, அதை விட்டுவிடும். அதைச் செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்றுப் படலையில் வந்தவர் கோயில் தலைவர் செல்வரத்தினம். இந்த ஊரில் அந்த ஒரு ஆளுக்குத்தான் மூக்கு வேலை செய்கிறது. ஏழாம் திருவிழாவுக்குப் பிறகு இவர் கோயில் வாசலே மிதிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். ஐப்பசியில் புராணம் தொடங்க வேண்டும், பயன் சொல்ல ஆளில்லை. ஒரு தட்டில் பழமும் பட்டுச் சால்வையும் கொண்டுவந்து, இவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து, “வல்லிபுரண்ணை, அண்டைக்கு எங்களிலதான் பிழை. வாற வருசம் முதல் காளாஞ்சி உங்களுக்குத்தான். மனசில ஒண்டும் வைச்சிருக்காதையுங்கோ” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சரி, கேட்க வேண்டியவர் வந்து கேட்டுவிட்டார், இனிப் பேசுவார் என்று குசினி வாசலில் நின்றேன். இவர் சிலேட்டை எடுத்து ஆறுதலாக எழுதினார். எனக்கு எதிலும் பற்றில்லை, உங்களை மன்னித்தேன் என்று எழுதினார். பற்றில்லாதவருக்கு மன்னிக்க என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. செல்வரத்தினத்தின் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். முகம் அப்படியே பிரகாசமாக இருந்தது. அந்த மனுசன் சந்தோசமாகப் போய்விட்டார்.

நான் பால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, இனிப் பேசலாம்தானே என்றேன். சிலேட்டைத் துடைத்தார். மற்றப் பக்கம் திரும்பி இருந்தார். மருந்து கட்டக் காலைத் தூக்கினேன். காலை இழுத்துக்கொண்டு, இனி மருந்தும் வேண்டாம் என்று எழுதினார்.

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. மன்னிப்பும் ஒரு காளாஞ்சித் தட்டுதான். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் இவர் இன்னும் ஒரு படி மேலே ஏறி நிற்பார். நீரும் போனில் அழுது மன்னிப்புக் கேட்டால், உம்மையும் மன்னிப்பார். மன்னித்துவிட்டு, அந்த உயரத்தில் இருந்தே செத்துப்போவார். ஊர் அதற்குச் சமாதி என்று பெயர் வைக்கும். எனக்கு அந்தச் சமாதி வேண்டாம், தம்பி. எனக்கு மனுசன் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. இன்றைக்குக் காலமை நான் கிணற்றடிக்குப் போனேன். வாளியை விட்டுவிட்டேன் என்று பாதியில் திரும்பி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கைக்குக் கீழே ஒரு வெள்ளை நாய் வந்து படுக்கும், ஆருடையது என்று தெரியாது. அண்ணை பின்படியில் இருந்தார். நாய் அவருடைய கட்டுப்போட்ட காலை மணந்துகொண்டு நின்றது. முதலில் யாரோ தெரியாத ஆள் கதைப்பது போல இருந்தது. அவ்வளவு காலம் பாவிக்காத குரல், கரகரத்துப் போய் இருந்தது.

“சாப்பிட்டியோடா” என்று கேட்டார். அது வாலை ஆட்டியது. அதன் தலையைத் தடவிக்கொண்டு, “என்னோட கோவமோ” என்று கேட்டார்.

நாலு மாதமாக எனக்கு ஒரு சொல் இல்லை. நாய்க்கு இரண்டு கேள்வி. எனக்கு முதலில் அந்த நாயில்தான் எரிச்சல் வந்தது, சிரிக்க வேண்டாம். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அது நாயிடம் கேட்கிற கேள்வி இல்லை, உம்முடைய வாயில் இருந்து வர வேண்டும் என்று காத்திருந்த கேள்வி. வான் ஏறினபிறகு நீர் ஒரு தரமாவது, ஏன் அண்ணை வழியனுப்ப வரவில்லை என்று கேட்பீர் என்று இந்த மனுசன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீர் கேட்கவில்லை. நான்தான் விரதம் என்று சொல்லி உம்முடைய வாயையும் கட்டிவிட்டேனே. அவர் பேசினது என் காதில் விழுந்தது தெரிந்தால் அந்த நாயோடும் பேசமாட்டார் என்று பயந்து, சத்தம் போடாமல் கிணற்றடிக்குத் திரும்பிப் போய், கப்பியை வேண்டுமென்றே கிறீச்சென்று இழுத்துச் சத்தம் காட்டிவிட்டு வந்தேன்.

செம்பு தன்னைத் தானே மினுக்காது, தம்பி. அதை இவர் ஒரு நாளும் பயன் சொல்லும்போது சொன்னதில்லை. யாராவது புளியைப் போட்டு, கை நோகத் தேய்க்க வேண்டும். இந்த ஊரில் இவரைத் தொட இனி ஒருவரும் இல்லை, எல்லோரும் கும்பிடத்தான் வருகிறார்கள். நான் ஏசினால் பழகிப்போன சத்தம், மழை மாதிரிக் கேட்டுக்கொண்டு இருப்பார். இவரை எதிர்த்துக் கதைத்து, கதவை அடித்துச் சாத்தி, பிறகு வந்து ஒரே கோப்பையில் சாப்பிட்ட ஆள் நீர் ஒருவர்தான். மாத்தறையில் கடை மூடுகிற நேரம் நீங்கள் இரண்டு பேரும் போடுகிற சண்டைக்குப் பக்கத்துக் கடைச் சிங்கள மனுசி விலக்குப் பிடிக்க வருவாவாம். அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போது ஆர் ஆரோடு சண்டை என்றே தெரியாதாம். இவர் பேசிக்கொண்டு இருந்த காலத்தில் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே வாரும். லீவு எடுக்க ஏலுமோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமோ என்று யோசித்தால் திங்கட்கிழமை போய்விடும். தாரிகாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டும், அவ விளங்கிக்கொள்ளுவா. வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் இவர் அதற்கும் ஆயத்தமாக முகத்தை வைத்துக்கொள்வார். படலையில் நின்றே சத்தமாகக் கேளும். ஏன் என்னை ஏற்றிவிட வரவில்லை, நான் என்ன நாயோ என்று கேளும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதானே நினைப்பேன், வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு வாயில்லையோ என்று கேளும். விறாந்தையில் சனம் இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் இன்னும் நல்லது. சிலேட்டை எடுத்தால் பறித்து எறியும். இவரும் விடமாட்டார், ஏசுவார், என்னுடைய வீட்டில் இருந்து வெளியே போ என்பார். போகாதேயும். அந்த வாய் திறந்தால் போதும், அதே வாயால் டொக்டருக்கு ஓம் சொல்ல வைக்கிறது என்னுடைய பொறுப்பு.

எப்படியும் வரவே ஏலாது என்றால், கஜனி போனை இவருடைய முகத்துக்கு நேரே பிடிப்பாள். அதிலாவது நின்று சண்டை பிடியும். மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம். ஆனால் நீர் வருவீர் என்றுதான் நான் மா இடித்து வைக்கிறேன்.

வரும்போது சொக்கலேட், சால்வை, சாமிப்படம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அந்தக் காளாஞ்சிப் படத்தையும் சுவரில் இருந்து கழற்ற வேண்டாம், அதில் நீர் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறீர். எங்கள் பிள்ளையார் உம்மை வழியில் ஒரு குறையும் இல்லாமல், கோபம் ஆறாமல், இந்தப் படலைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய வரவைப் பார்த்திருக்கும் அண்ணி,
சிவக்கொழுந்து